நாற்பது மீட்டரும் நான்கு சென்டிமீட்டரும்

க்டீனியா துறைமுகத்தில் ஆறாம் எண் பாரந்தூக்கி
என்னுடையது.
தரையிலிருந்து என் இருக்கைக்கு நாற்பது மீட்டர்,
நூற்றெண்பத்திரண்டு படி.
மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு, இரண்டு நெம்புகோல்,
காலடியில் பால்டிக் கடல்.
கழிப்பறை கீழே, கிடங்குக்குப் பின்னால்.

ஆண்கள் பாட்டில் கொண்டுபோகிறார்கள்.
அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார்கள்.
நான் கொண்டுபோனது அடக்கம்.

அடக்கம் என்றால்
காலைத் தேநீரில் பாதியைத் தொட்டியில் கொட்டுவது.
பத்து மணிக்கு நா வறண்டால் எச்சிலை விழுங்குவது.
பதினொன்றுக்குத் தொடைமேல் தொடை போடுவது.
இருபது டன் பெட்டியை
இம்மி பிசகாமல் கப்பலில் இறக்கும்போது
அடிவயிற்றில் இன்னொரு பாரம்
இறங்க இடமின்றித் தொங்குவது.
எட்டு மணி நேரம்.
பதினோரு ஆண்டு.

பிறகு நீர்க்கடுப்பு வந்தது.
பெய்தது கண்ணாடித் தூள்,
அதுவும் மூன்று சொட்டு.
இன்னும் இருக்கிறது, வா வா என்றது உடம்பு.
ஓடிப்போய் உட்கார்ந்தால், பொய்.

எங்கள் மொழியில் கொக்கும் பாரந்தூக்கியும்
ஒரே சொல்: ஷூராஃப்.
சதுப்பில் விளையும் புளிப்புச் சிவப்புப் பழம்
ஷுராவினா, கொக்கின் பழம்.
"உனக்கென்றே விளைந்தது" என்று
வித்தோல்ட் ஒரு பாட்டில் சாறு வாங்கி வந்தான்.
மூன்று நாள் குடித்தேன்.
நாலாம் நாள், விலாவுக்குக் கீழே, ஒரு பக்கமாய்
யாரோ முளையடித்தார்கள்.
குளிரில் பல் கிட்டியது.
ஆகஸ்ட் மாதம்.

டாக்டர் மஷேவ்ஸ்கா ஒரு பட்டையைச் சிறுநீரில் தோய்த்தார்.
ஒரு கட்டம் இளஞ்சிவப்பாயிற்று, பக்கத்துக் கட்டம் ஊதா.
"சிறுநீரகம்வரை போய்விட்டது.
எரிந்த அன்றே வந்திருக்கலாம்."

நான் சுத்தமானவள், என்றேன்
அவர் கேட்காமலே.

அவர் என் பெயரெழுதிய தாளின் பின்னால் படம் வரைந்தார்.
"இவை உங்கள் குடலில் குடித்தனம் இருப்பவை.
அங்கே யாருக்கும் தொந்தரவில்லை.
வாசல் மாறி வந்தால்தான் வம்பு.
ஆணுக்கு இந்தப் பாதை நீளம்.
உங்களுக்கு நான்கு சென்டிமீட்டர்.
பற்றிக்கொள்ளத் தெரியும் அவற்றுக்கு. ஏறத் தெரியும்."

ஆக, ஏறுபவள் நான் மட்டுமில்லை.
நூற்றெண்பத்திரண்டு படி ஏறி நான் உட்கார்ந்திருந்தபோது
எனக்குள் ஒன்று
ஏணியில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.
அதைக் கீழே தள்ளக்கூடிய ஒரே வெள்ளத்தை
நான்தான் பூட்டி வைத்திருந்தேன்,
கடல்மேல் உட்கார்ந்துகொண்டு.

வலி போனாலும் மாத்திரையைப் பாதியில் விடக் கூடாது.
துடைப்பது முன்னிருந்து பின்.
வந்தால் போவது, வந்தவுடன் போவது.
"கூடிய பிறகும் எழுந்து போங்கள்" என்றார்.
வித்தோல்ட் ஜன்னல் வழியே கார்களை எண்ணினான்.
சாறு? "பிடித்தால் குடியுங்கள்.
மறுபடி வராமல் சிலருக்கு உதவலாம்.
வந்ததை விரட்டாது."

மூன்று வாரம் கழித்துத் தண்ணீர்க் குடுவையோடு ஏறினேன்.
பத்தேகாலுக்குப் பெட்டியைத் தரையில் வைத்து
கொக்கியை விடுவித்து
வானொலியை அழுத்தினேன்:
"ஆறாம் எண் இறங்குகிறது."
"பழுதா?" என்றார் மேற்பார்வையாளர் லெஷெக்.
துறைமுகம் முழுக்கக் கேட்கும் அலைவரிசை அது.
"பழுதில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும்."

ஒரு கடற்காக்கை கத்தி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

"கப்பல் நிற்கிறது, போகுமிலா."
"நிற்கட்டும்.
அதைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்களே."

பாதிப் படியில் மூச்சுவாங்க நின்று பார்த்தேன்.
தொலைவில் நான்காம் எண்ணின் நீண்ட கை
வெறும் கொக்கியோடு ஓய்ந்தது.
கூண்டுக் கதவு திறந்தது.
ஏணியின் முதல் படியைத் தேடி
ஒரு கால்
வெளியே வந்தது.