அவள் என்றே அச்சிட்டிருந்தார்கள்

மகெல்லன் நீரிணையில், ஃபெரித் தளத்தில்
இருபத்தோரு வருடம் கயிறு வீசினேன்,
புந்தா அரேனாஸுக்கும் போர்வெனீருக்குமாக.
சட்டைப் பொத்தானுக்குப் பின்னால்
கொண்டைக்கடலை அளவில் ஒன்று
உருளாமல் நின்றபோது
கொக்கி இடித்தது என்று சொல்லிக்கொண்டேன்.
எட்டு மாதம் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் பேசினார். உதடு அசைந்தது தெரியும்.
மார்பகம் என்ற சொல்லுக்குப் பிறகு
காதில் எஞ்சின் அறைச் சத்தம்தான்.

வாசலில் ஒரு பிரசுரம் எடுத்தேன்.
அவள் தன் உள்ளாடையைத் தேர்ந்தெடுக்கும்போது,
அவள் தன் மாதவிடாய் நின்றபின்,
அவள் தன் கணவரிடம் மனம்விட்டு.
பன்னிரண்டு பக்கத்தில்
நான் எங்கும் இல்லை.
நோய் மட்டும் ஆளைத் தவறவிடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா?
பக்கத்து வீட்டு ரூபெர்த்தோ
குப்பியில் பச்சையாக ஏதோ கொண்டுவந்தான்.
அவன் மைத்துனியின் முதலாளிக்கு
மூன்றே வாரத்தில் கரைந்ததாம்.
எனக்கென்பதால் பாதி விலை.
செல்போனில் ஒருவன் சர்க்கரையை விடச் சொன்னான்.
ஒருத்தி கோபத்தை விடச் சொன்னாள்.
அதையும் விட்டால்
எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது?

செவிலி யாஸ்னா
ஆய்வக அறிக்கையை மேசையில் விரித்தாள்.
"எது புரியவில்லை?"
"தேதி புரிந்தது."
சிரித்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினாள்.

கிரேடு இரண்டு என்பது
செல்கள் எவ்வளவு முரடு என்பதற்கு.
எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வேறு எண்,
அது இன்னும் வரவில்லை.
இரண்டையும் குழப்பிக்கொண்டு
ஐந்து இரவு செத்திருந்தேன் நான்.
பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால்
அங்கே ஒரு பூட்டு இருக்கிறது,
துவாரத்தை அடைக்க மாத்திரை இருக்கிறது,
தினம் ஒன்று, வருடக்கணக்கில்.
ஆம்பிளைக்கும் வருமா என்றேன்.
நூற்றில் ஒருவருக்கு.
குணமாகுமா என்றேன்.
"இப்போது தெரியாது. தெரிந்தால் மறைக்கமாட்டேன்."

குப்பியையும் காட்டினேன்.
முகர்ந்துவிட்டு மூடினாள்.
"உள்ளே என்னவென்று தெரியாததை
மாத்திரையோடு சேர்க்காதே."
வேறு எதுவும் திட்டவில்லை.

புதன்கிழமைகளில் ஏழு பெண்கள்
தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில் கூடுகிறார்கள்,
போய்ப் பார் என்றாள்.
இரண்டு தரம் போனேன்.
இரண்டு தரமும் கதவு வரை.

அக்டோபர். ஆளையே தூக்கும் காற்று.
தெருமுனைகளில் நகராட்சி
பிடித்து நடக்கக் கயிறு கட்டும் மாதம்.
அறுத்தெடுத்து ஒன்பதாம் நாள்
நானும் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
எதிர்முனையில் ஒரு பெண்.
அவள் தொப்பி பறந்தது. தலையில் முடியில்லை.
என் ஜாக்கெட்டும் பறந்தது.
வடிகுழாயும் அதன் பையும் வெளியே ஆடின.
என்ன என்று அவள் கேட்கவில்லை.
"எந்தப் பக்கம்?" என்று கத்தினாள்.
"இடது!"
"எனக்கும்!"

ஓர்தென்சியா. நண்டுத் தொழிற்சாலையில் எடை போடுபவள்.
அந்தப் புதன்கிழமை என்னை உள்ளே தள்ளியவள்.
அறிவுரை வரும் என்று பல்லைக் கடித்து உட்கார்ந்தேன்.
தேநீர்தான் வந்தது, பிறகு சுவர்.
விரல்களைச் சிலந்திபோல மேலே நடத்து,
வலிக்கும் இடத்தில் நிறுத்து,
பென்சிலால் கோடு போடு,
நாளைக்கு அதற்கு மேலே.
கயிறு வீசிய கை
என் தாடை உயரத்தில் நின்றுவிட்டது.
யாரும் பரிதாபப்படவில்லை. ஒருத்தி
"என் கோடு இதைவிடக் கீழே" என்று காட்டினாள்.
அன்றைக்குத்தான் அழுதேன், பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு.

ஸ்கேன் வந்துவிட்டது. ஒரு நிணநீர்க் கணுவில் இருக்கிறது.
கேள்விகளைக் காகிதத்தில் எழுதிப்போகிறேன் இப்போது.
நாலாவது கேள்வியை இன்னும் கேட்கவில்லை.

பிரசுரம் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது.
சில இடங்களில் அவளை அடித்து அவன் ஆக்கினேன்.
மாதவிடாய்ப் பக்கத்தை அப்படியே விட்டேன்.

நேற்று இரவு ரூபெர்த்தோ வந்தான்.
கையில் குப்பி இல்லை.
வாசலிலேயே நின்றான், ஒரு கை சட்டைக்குள்.
"உனக்கு," என்றான்,
"முதலில் எந்த இடத்தில் தட்டுப்பட்டது?"
கதவைச் சாத்தினேன் அவன் பின்னால்.
விளக்கைப் பெரிதாக்கினேன்.