மேல்விலங்கு

அழைப்பிதழில் தப்பு என்னுடையது.
ஒடில் நாகப்பின் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
கைப்பிழை என்று நினைத்து
நாகப்பன் ஆக்கினேன்.
‘பின்’னில் முடிகிற ஆளை
காரைக்காலில், இருபது வருடத் தட்டச்சில்,
நான் பார்த்ததில்லை.
முந்நூறு அட்டை. ஆர்ட் பேப்பர்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது
ஏணியில் நின்று பல்பைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.
சுவர் முழுக்க ஆளில்லாத, மரமில்லாத படங்கள்.
எட்டிப் பார்த்த எல்ஐசி முகவர்
"இது என்னங்க?" என்றார்.
ஒற்றைச் சொல் சொன்னாள்.
"நீலமாம்," என்றார் சொல்தா சவரிநாதர்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

அடுத்து நான்.
அவர் வாசித்துக்காட்ட, அவள் கீழே இறங்கினாள்.
"குவாதலூப் துறைமுகத்தில் எவனோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதினானாம்.
நாலு தலைமுறையாய் அந்தப் பிழைக்குத்தான்
பள்ளியில் கை தூக்கினார்களாம்.
திருத்த நீ யார் என்கிறாள்."
கோபமா சிரிப்பா,
பிரெஞ்சில் எனக்குப் பிடிபடவில்லை.

இருபது அட்டை ஏற்கெனவே போய்விட்டது,
கலெக்டருக்கு ஒன்று.
மிச்சத்தைப் பரப்பி ராத்திரி முழுக்க
ஒவ்வொரு ப-வுக்கும் பேனாவால்
மேல்விலங்கு போட்டேன்.
அரசலாற்று ஈரத்தில் மை காயவில்லை.
சிலதில் இழுபட்டு
எழுத்துமில்லை, வேறெதுவுமில்லை.
அவற்றை மட்டும் அவள்
பொறுக்கி எடுத்துவைத்துக்கொண்டாள்.

கோப்பிலும் மாற்றிவிட்டேன்.
அந்தப் பெயருக்கடியில் கணினி இன்னும்
நெளிநெளியாய் ஒரு சிவப்புக் கோடு போடுகிறது.
இருக்கட்டும்.