எச்சில் மாதிரி

பத்து நிமிடம் வாயில் எதுவும் போடக் கூடாது,
தண்ணீர்கூட.
வெயிலுமுத்து தலையாட்டிக்கொண்டான்.
முக்கூடல். வயது இருபத்து நான்கு. வெல்டிங்.
போதை மீட்பு வார்டில் இருபத்தோராம் நாள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மாடியில்
மின்விசிறியின் சத்தம் மட்டும் வருகிறது, காற்று வரவில்லை.

பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே
அதக்கிக்கொள், நனைந்தால் முனை நீலமாகும் என்றேன்.
நான்கு நிமிடம். ஏழு நிமிடம்.
குச்சி வெள்ளையாகவே இருந்தது.

"வாய்ல ஈரமே இல்லக்கா.
இங்க வந்து உக்காந்தாலே வறண்டு போவுது."

பயத்திலும் வறளும்.
மாத்திரையிலும் வறளும்.
இது எந்த வறட்சி என்று பார்த்தே சொல்ல
நான் படித்த படிப்பு போதாது.

எலுமிச்சை கொடுக்க விதியில்லை. பேசத் தடையில்லை.
மாங்காய் என்றேன்.
கிளிமூக்கு மாங்காய், பூப்போலக் கீறி,
உப்பும் வத்தப்பொடியும் அப்பி,
சந்திப்பிள்ளையார் முக்கில் வண்டிக்காரன்
காகிதத்தில் வைத்து நீட்டுவானே, ஓரத்தில் சாறு ஒழுக ஒழுக...
"யக்கா, சும்மா இருங்க!"
முனை நீலமானது.

எனக்கும் ஊறியது. விழுங்கிக்கொண்டேன்.
விழுங்கியதில் என்ன கலந்திருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.

புதுப் பெட்டி பிரித்தால், முதலில்
சுத்தமான எச்சில் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும்.
நான்கு வருடமாக என்னுடையதுதான்.
வெற்றிலை அறியாத வாய்,
மாத முதல் ஞாயிறு திருவிருந்துக் கிண்ணத்தில் படும் வாய்.
போன மாதம் ஆறு கோடுகளில் ஐந்துதான் வந்தன.
தூக்க மாத்திரைக்குரிய இடம்
வழித்துத் தின்ற தட்டுபோல் வெறிச்சென்று கிடந்தது.

இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் உறங்குவதற்கு
ஒன்று. பிறகு ஒன்றரை.
எழுதிக்கொடுத்த டாக்டர் மாற்றலாகி
நாகர்கோவில் போய்விட்டார். சீட்டு என்னிடம் இருக்கிறது.

அந்தக் கிட்டைக் குப்பைக்கூடையின் அடியில் செருகிவிட்டு,
பெருக்க வந்த பிரம்மசக்தியிடம் புதிய குச்சியை நீட்டினேன்.
"எம் எச்சிய எதுக்கு தாயி தொடுதீக?" என்று கூசினாள்.
ஆறு கோடும் பளிச்சென்று வந்தன.
யாருடைய எச்சில் என்று கேட்க ஏட்டில் கட்டம் இல்லை.

வெயிலுமுத்துவின் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன.
எல்லோரையும் குழப்பும் சோதனை இது:
கோடு இருந்தால் மருந்து இல்லை.
கோடு இல்லாவிட்டால் இருக்கிறது.
கதவிடுக்கில் அவன் அக்கா சந்தனமாரி,
விரல் நுனியெல்லாம் பீடித்தூள்:
"இருக்கா, இல்லியா?"

ஐந்து திடமாக இருந்தன. ஆறாவது
ஜன்னல் பக்கம் சாய்த்தால் தெரிந்தது,
நிமிர்த்தினால் காணோம்.
மங்கலும் கோடுதான், அச்சடித்த தாளில் அப்படித்தான் இருக்கிறது.
'இல்லை' என்று எழுதினேன்.
அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.
"நெசமாவாக்கா?
எனக்கே எம்மேல சந்தேகமாத்தான் இருந்துச்சு."

பெட்டியில் ஒரு குச்சி மிச்சம்.
சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தி
கன்னத்தில் அதக்கிக்கொண்டேன்.
ஒட்டுத்தாளில் ஜெபக்கனி, முப்பத்தெட்டு
என்று எழுதி முடித்து,
மாங்காய், மாங்காய் என்று
எத்தனை முறை சொல்லிப் பார்த்தும்
முனை வெள்ளையாகவே இருந்தது.