தொன்றுதொட்டு

கச்சேரி மதிலோரம், வாகை மரத்துக்குக் கீழே
எனக்கொரு மேசை, ஒரு மைக்கூடு, கால் ஆடும் ஒரு வாங்கு.
பெட்டிசம் பக்கத்துக்கு இருபத்தைந்து சதம்.
கண்ணீர் வரும் பக்கத்துக்கு ஐந்து சதம் கூட.

செவ்வாய் காலை கிண்ணியாவிலிருந்து
ஆதம்பாவா வந்தார், பின்னால் ஏழு பேர்.
கணுக்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
எழுதினேன்:
மேன்மை தங்கிய ஏஜண்டுத் துரையவர்கள் சமுகத்துக்கு,
தாழ்மையாய் விண்ணப்பம் செய்வது யாதெனில்,
தம்பலகாமக் குடாவில் சிப்பி குளிக்கும் பாத்தியதை
தொன்றுதொட்டு எங்களுடையது.
பள்ளிச் சுவரின் வெள்ளையே சாட்சி,
அந்தச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு அது.

பின்னேரம் தம்பலகாமத்திலிருந்து கோணாமலை வந்தார்.
அவர் பின்னாலும் ஏழு பேர்,
எட்டாவது ஆள் வெற்றிலை வாங்கப் போயிருந்தார்.
அதே சேறு. அதே பேனா.
தொன்றுதொட்டு எங்களுடையது,
கோயில் மதிலின் வெள்ளையே சாட்சி.
துரைக்கு நான் கடவுளை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

பொய்யா என்று கேட்காதீர்கள்.
இரண்டு சுவரையும் பார்த்திருக்கிறேன்.
வெள்ளைதான்.

எல்லை என்று ஒன்று இருந்தது, ஒரு கண்டல் கம்பு.
கிண்ணியாக்காரர் இரவில் மேற்கே நகர்த்துவார்கள்,
தம்பலகாமத்தார் விடியலில் கிழக்கே நடுவார்கள்.
அது நடந்த தூரத்துக்கு
இந்நேரம் மூதூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த மாசியில்
சித்திரவேலு மரக்கோலால் அடித்தான்.
உதுமான்கண்டு, இடுப்பில் கட்டிய சிப்பிக் கூடையோடு
தாழ்ந்தான்.
அடித்தவனே குதித்தான்.
அடித்தவனே கூடைக் கயிற்றை அறுத்துத் தூக்கினான்.
அடித்தவனே கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கி
வெள்ளைமணல் கரை வரை வலித்துக்கொண்டு போனான்.

கோட்டில் நீதவான் கேட்டார்,
முதலியார் மூக்கைச் சிந்திவிட்டுத் தமிழில் கேட்டார்:
அவன் மூழ்கியது யாருடைய தண்ணீரில்?

சித்திரவேலு வெகுநேரம் யோசித்தான்.
"அவன் கக்கின தண்ணியைத்தான் ஐயா நான் கண்டது.
என்ர நெஞ்சிலதான் கக்கினான்.
அதில கோடு ஒண்டும் இருக்கேல்ல."

மூன்று மாதம் கடூழியம்.

பெட்டிசத்துக்கும் பதில் வந்தது,
இரண்டு ஊருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு.
துரைக்கும் என்னைப்போல் ஒருவன் இருக்கிறான்.
சிப்பி முடிக்குரியது, குடா ஏலம் போகும்.

ஏலத்தில் எடுத்தவனை நான் கண்டதில்லை.
அவன் கணக்கப்பிள்ளை வந்தான், கறுப்புக் குடையோடு.
பத்துக் கூடைக்கு ஒரு கூடை கூலி என்றான்.
கண்டல் கம்பைப் பிடுங்கித்
தன் வாடிக்கு முகட்டு வளையாக்கினான்.

பிறகொரு நாள் ஆசியா உம்மா வந்தாள்,
உதுமான்கண்டுவின் பெண்சாதி.
முக்காட்டை இழுத்துவிட்டு, வாங்கில் உட்காராமல்,
ஒரு பெட்டிசம் எழுத வேணும் என்றாள்.
ஏலத்துக்கு எதிராகவா?
"இல்ல. அந்தச் சித்திரவேலை விடச் சொல்லி.
ஒருத்தர் குளிக்க வேணும், ஒருத்தர் கயிறு பிடிக்க வேணும்.
இவருக்கு நெஞ்சு போயிட்டு. இனிக் கயிறுதான்."

அவன் தன் கயிற்றை இவரிடம் கொடுப்பானா?

"அதையும் எழுதிக் கேளுங்க," என்றாள்.

பேனாவைத் தோய்த்தேன்.
தாழ்மையாய் விண்ணப்பம் செய்வது யாதெனில்
என்று தொடங்கிவிட்டு நின்றேன்.
என் கைக்குப் பழகின அந்தச் சொல்
இந்தத் தாளில் எங்கு வைத்தாலும் துருத்தியது.
வெற்றிலை மடித்தேன். சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்தது,
எந்தப் பக்கத்துச் சிப்பியோ.

காசு வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
வாங்கினேன், இருபத்தைந்து சதம்.
அவள் அழவில்லை.