பதிவேட்டில் இல்லாத அரை அடி

காலை ஆறு மணி: ஒன்று புள்ளி இரண்டு.
மாலை ஆறு மணி: அதே.
இதையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்றிருந்தேன்.
டெல்லியில் ஒரு வக்கீல் வாசித்தாராம்,
அரிச்சந்திரா ஆற்றில் கடைசிக்கு முந்தின ரெகுலேட்டரின்
ஒரு ஜூலை மாதம் முழுவதையும், நாலு நிமிஷத்தில்.
எதிர்த்தரப்பு மறுக்கவில்லை.
தண்ணீர் வரவில்லை என்பதில் மட்டும்
இரண்டு மாநிலத்துக்கும் சண்டை இல்லை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஓர் ஒப்பந்தம்,
இருபத்துநான்கில் இன்னொன்று.
கையெழுத்துப் போட்டவர்கள் எவருக்கும் தெரிந்திருக்காது,
இந்த ஷட்டரின் பல்சக்கரம் ஒரு பல் தேய்ந்தது என்று.
திருகினால் முக்கால் சுற்று வழுக்கும்.
கிரீஸ் டப்பா கேட்டு எழுதி மூன்று வருஷம்.

தண்ணீர் வந்த ராத்திரி
டார்ச்சோடு வந்தார் உத்திராபதி.
தோளில் இன்னும் அந்தப் பச்சைத்துண்டு.
போன வாரம் தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு
'மேலே இருக்கிறவன் மறிக்கலாமா' என்று கேட்டவர்;
தொண்டை இன்னும் சரியாகவில்லை.
"ரெண்டே நாள், தம்பி.
கதவ அரை அடி எறக்கி வை.
எங்க நாத்து தலைதூக்கட்டும்.
மிச்சம் தானா கீழ போயிரும்."

மிச்சம்.
இந்தச் சொல்லை எங்கேயோ படித்திருந்தேன்.
பெங்களூரில் பேசியதாகப் பேப்பரில் வந்தது.
அதில் 'உபரி' என்று போட்டிருந்தான்.

இறக்கினேன்.
பணம் வாங்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.
அவர் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள்,
அவ்வளவுதான்.

மறுநாள் கீழூர் டீக்கடையில்
குஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள்.
ஒன்றரை மா குத்தகை, நேரடி விதைப்பு,
முளைத்த நெல் மூன்றாம் இலையில் சுருண்டுகொண்டிருந்தது.
"மேட்டூரு தெறந்தாச்சுன்னு டிவியில சொன்னான்.
எங்கதான்யா நிக்கிது?"

மேற்கே கைகாட்டினேன்.
"கர்நாடகாக்காரன் இன்னும் சரியா விடல."

வெற்றிலைச் சாற்றை மேற்கே துப்பிவிட்டுப் போனாள்.
என் ஷட்டரும் மேற்கில்தான் இருந்தது.
டீக்குக் காசு அவள்தான் கொடுத்திருந்தாள்.
கிளாஸ் பாதி ஆறியபின் தெரிந்தது.

வந்து திருகினேன்.
முக்கால் சுற்று வழுக்கியது,
பிறகு பிடித்தது,
பிறகு வழுக்கியது.

மாலை ஆறு மணி: ஒன்று புள்ளி ஆறு.
அளவுகோல் இரண்டு புள்ளி ஒன்று காட்டியது.
பக்கத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுகரையில் உத்திராபதியின் வயலில்
தவளை கத்த ஆரம்பித்திருந்தது.