சாய்ந்தமருது, கச்சான் மாதம்

ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு விற்றிருக்கிறான்.
"டூ ஜிபி, நல்ல சாமான்,
கண்ணை மூடிக்கொண்டு எடுங்க."
கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம்.

ஹீட்சிங்கைக் கழற்றி
காய்ந்த பேஸ்டை ஸ்பிரிட்டால் துடைத்து
நான் டோர்ச்சைச் சாய்த்துப் பிடிக்க
றிம்சான் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தான்.
நாலு சில்லு. கூட்டினால் ஒரு ஜிபி.
வயது பதினாலு.

வெளியே வயல் தூசியோடு கச்சான்.
இருந்த ஒரே விசிறியையும்
கார்டின் பக்கம் திருப்பிவிட்டு
நாங்கள் வேர்த்தோம்.

ஐந்து மெகாஹெர்ட்ஸ்.
இன்னும் ஐந்து.
பேராசையில் பத்து:
திரையெல்லாம் பச்சைப் புள்ளி,
அம்மை போட்ட மாதிரி.
பத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.
தொண்ணூற்றொரு பாகையில்
இரைந்துகொண்டே நின்றது கிழடு,
விழவில்லை.

"சேவ் பண்ணினியா?"
என்றான் றிம்சான்,
கறண்ட் போன பிறகு.