ஒன்பதாவது கேள்வி

கூட்டுறவுச் சங்கம் கொடுத்த தாளில்
ஒன்பதாவதாக இருக்கிறது:
தேனீ வளர்ப்பால் உங்கள் குடும்பத்துக்கு நன்மை உண்டா?
எதிரே மூன்று கட்டம்.
உண்டு. இல்லை. தெரியாது.

பியாவுயி மாநிலத்தில் எங்கள் பக்கம்
செப்டம்பர் என்றால் மரமெல்லாம் எலும்பு.
பைக்கின் முன்சக்கரம் மணலில் வழுக்குகிறது.
வீட்டுக்கு வீடு மூன்று கிலோமீட்டர்,
வீட்டுக்கு வீடு நாய்.

தமியாவ் என்னை உட்காரச் சொல்லவில்லை.
நேரே தொட்டிக்குக் கூட்டிப்போனார்.
கூரையில் விழுந்த மழை, பதினாறாயிரம் லிட்டர்,
அடுத்த மழைவரை ஆறு பேருக்கு.
மூடியை நகர்த்தினால்
ஈரம் கசியும் விரிசல் முழுக்க மொய்க்கிறது.
"நான் குவளையால் அளந்து குடிக்கிறேன்,
இதுகள் அளக்காமல் குடிக்கின்றன.
பெட்டி அவனுடையது. தண்ணீர் என்னுடையது.
இதற்குக் கட்டம் இருக்கிறதா உன் தாளில்?"

அவன் என்பது மச்சான் எராஸ்மு.
வேலிக்கு அந்தப் பக்கம்.
பேச்சு நின்று இரண்டு வருஷம்.

எராஸ்மு சிரித்துக்கொண்டே உண்டு என்றார்.
வங்கிக் கடனில் நாற்பது பெட்டி.
"ஆட்டைத் திருடுவான், இதை எவன் தூக்குவான்?"
மழை பொய்த்த வருஷம் முப்பத்தொன்று காலி.
மிச்ச ஒன்பதுக்கும் சர்க்கரைத் தண்ணீர் வைத்தது
பிள்ளைகளின் காப்பியில் குறைத்து.
அதை எழுதாதே என்றார்.
எழுதவில்லை.

எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேலம்
அவர் காட்டில் மட்டும் வெட்டுப்படாமல் நிற்கிறது.
கிணற்றைக் குடித்த மரம்தான்.
ஆனால் மற்றதெல்லாம் எலும்பாக நிற்கும் மாதத்தில்
அது ஒன்றுதான் பூக்கிறது.
ஒன்பது பெட்டியும் அதை நம்பித்தான்.

ஜுசிலேனி உள்ளே ஓடிப்போய்
தன் வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்தாள்.
மாவு மூட்டையில் தானே தைத்தது;
முதுகில் ஆலையின் பெயர் பாதி அழிந்திருக்கிறது.
ராத்திரியில்தான் தேன் எடுப்பாளாம்.
பகலில் கோபம் அதிகம், வீட்டுக்காரரைப் போல என்றாள்,
அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.
கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில்
அவள் கைக்கு நேராக வந்த முதல் காசு.
"பல் கட்டினேன்" என்று வாயைத் திறந்து காட்டினாள்.
அந்தக் கட்டத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மேற்கே கடைசி வீட்டில்
கட்டிப்போட்டிருந்த கழுதையைக் கொட்டியே கொன்றிருக்கின்றன.
அவிழ்த்துவிடப் போன பையனுக்கு
ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.
கயிறு மரத்தில் அப்படியே இருக்கிறது.
எட்டாவது கேள்வியிலிருந்து பத்துக்குப் போனேன்.

இனி எங்கள் வீட்டுத் தாள்.
அண்ணன் எலோய் மேட்டில் பன்னிரண்டு பெட்டி வைத்தான்.
மார்ச்சில் சாவ் பாவுலோவுக்குப் பஸ் ஏறினான்,
கட்டட வேலை.
ஜூனில் கூட்டங்கள் கிளம்பின, ஒவ்வொன்றாக.
அம்மா வரிசையை மாற்றிச் சொல்கிறாள்:
தேனீ போச்சு, அதனால்தான் பிள்ளை போனான்.
நான் திருத்துவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை போனில் அவன்
சம்பளம் பற்றிப் பேசமாட்டான், அறை பற்றிப் பேசமாட்டான்.
பூத்துவிட்டதா என்று மட்டும் கேட்பான்.

நேற்று மேட்டுக்குப் போனேன்.
முதல் பெட்டியில் பல்லி.
இரண்டாவதில் அந்துப்பூச்சி கட்டிய நூலாம்படை,
சட்டங்களோடு சேர்த்துப் பிய்த்தெறிந்தேன்.
மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது.
கொல்லையில் கிடந்த எலுமிச்சைப் புல்லைக் கசக்கி
உள்சுவர் நாலிலும் தேய்த்துவிட்டு
வாசலைக் கிழக்கே திருப்பி வைத்தேன்.
யாரும் சொல்லிச் செய்யவில்லை.
கூட்டத்தை வரவழைக்க அவன் அப்படித்தான் செய்வான்.

சங்க ஆபீசில் வால்தெசி தாள்களைப் புரட்டி
ஒன்றை மூக்கருகே கொண்டுபோனான்.
இதென்ன வாசனை என்றான்.
பிறகு, "உன்னுடையதில் ஒன்பது விட்டுப்போச்சே."

மழைக்கு அப்புறம் கேள் என்றேன்.